துரைக்கு ஒரு பேனாக் கட்டை

மோர் கடைய ஜகதாம்பாள் மத்தைத் தேடியபோது அது கூடத்தில், ஒரு பலகையில் அடித்த இரண்டு ஆணிகளுக்கு நடுவே கிடந்தது. தலையை ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. வெறும் காம்புதான் மிச்சம். பக்கத்தில் உளியும் கையுமாக அவள் கணவன் பட்டாபிராமன் குந்தியிருந்தான்.

"ஏன்னா, இதென்ன அக்கிரமம்?"

"பேனாக் கட்டை கடையறேன்டி. நீ அந்த மத்துக் கயித்தைச் சுத்தி இழு. மோர் கடையற மாதிரியே இழுத்தாப் போறும்."

"கடையில ஒண்ணு வாங்கினா என்னவாம்?"

அதில்தான் இருந்தது சங்கதி. பட்டாபிராமன் கல்கத்தாவில் ஒரு சணல் கம்பெனியில் டெம்பரரி குமாஸ்தா. அங்கே துரையின் மேஜைமேல் நிப்புச் செருகி எழுதும் மரக் கட்டைகள் பளபளவென்று வரிசையாக நிற்கும். எல்லாம் தானே கடைந்தவை என்பார் துரை. போன வாரம் அதைக் கேட்டதும் பட்டாபிராமனின் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"நானும் கடைவதுண்டு, ஸார்."

துரை அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியா? திங்கட்கிழமை ஒன்று கொண்டு வா. உன் வேலையை நிரந்தரமாக்குவது பற்றியும் அன்றே பேசுவோம்."

சொன்ன மறு நிமிஷமே பட்டாபிராமனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவன் ஜன்மத்தில் ஒரு பென்சிலைக்கூட ஒழுங்காகச் சீவியதில்லை. கடைசல் யந்திரத்தின் விலையை விசாரித்துவிட்டுக் கடை வாசலிலிருந்தே திரும்பிவிட்டான். அதனால்தான் பலகை, ஆணி, பழைய இரும்புக் கடை உளி, ஜகதாம்பாள்.

அவள் இழுத்தாள். சுருள் சுருளாக மரம் வந்தது. பட்டாபிராமன் பூரித்துப் போனான். அவள் மறு கையால் இழுத்தாள். காம்பு எதிர்ப்பக்கம் சுழன்று உளியில் மாட்டி, ஜன்னல் வழியே பறந்துபோயிற்று.

"ஏன் திருப்பி இழுத்தே?"

"மோர் கடையறச்சே ரெண்டு கையாலயும்தானே இழுப்பா? நீங்கதான் உளியை எடுத்திருக்கணும்!"

பக்கத்து வீட்டு முற்றத்திலிருந்து சத்தம் வந்தது. அங்கே குடியிருந்த வங்காளி அம்மாளை இவர்கள் அந்த ஊர் வழக்கப்படி பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவார்கள். பௌதி கரண்டியில் காம்பை ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். அது விழுந்தது அவளுடைய மீன் குழம்பில்.

"சிவ சிவா! இனிமே அது நம்ம ஆத்துக்குள்ள வரப்படாது" என்றாள் ஜகதாம்பாள்.

பட்டாபிராமன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனாலும் விடவில்லை. மனைவியை அனுப்பி, அப்பளம் இட வேண்டும் என்று சொல்லி, பௌதி லூச்சிப் பூரி இடும் கட்டையை இரவல் வாங்கிவரச் செய்தான். "அப்பளமா? எங்களுக்கும் கொடுக்கணும்" என்று சந்தோஷமாகக் கொடுத்தனுப்பினாள் பௌதி.

இந்தத் தடவை கயிறு திரும்பும்போதெல்லாம் உளியைத் தூக்கினான். கட்டை மெலிந்துகொண்டே வந்து ஒருவழியாக முள்ளங்கி உருவத்துக்கு வந்தது. நிப்புச் செருகத் துளை போடுவதற்காகக் கம்பியைக் காய்ச்சி இறக்கினான். கட்டை இரண்டாகப் பிளந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் பௌதியின் குரல். "அப்பளம் ஆச்சா?"

பட்டாபிராமன் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். ஜகதாம்பாள் என்னவோ மழுப்பி அனுப்பிவிட்டு உள்ளே வந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்க்க அவனுக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பௌபஜாரில் ஒரு கடைசல் கடைக்குப் போய், நல்ல பேனாக் கட்டை ஒன்றைக் கையிலெடுத்தான். இதைத் துரையிடம் நீட்டி, நான் செய்தது என்று எப்படிச் சொல்வது? திரும்ப வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

"பௌதிகிட்ட ஒரு பொய் சொன்னதுக்கே என்னால அவ முகத்தைப் பாக்க முடியலை" என்றாள் ஜகதாம்பாள். "துரைகிட்ட நிஜத்தைச் சொல்லிடுங்கோ. வேலை போனாப் போறது."

திங்கட்கிழமை பிளந்த கட்டையைத் துரையின் மேஜைமேல் வைத்தான்.

"ஸார், எனக்குக் கடையத் தெரியாது. பொய் சொல்லிவிட்டேன். கடையில் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றுகூடப் பார்த்தேன். அப்படிச் செய்கிறவன் மனுஷனா என்று தோன்றிற்று."

துரையின் முகம் காது நுனிவரை சிவந்தது.

"போ" என்றார்.

பட்டாபிராமன் மாடிப்படியில் போய் உட்கார்ந்து அங்கவஸ்திரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சற்று நேரத்தில் பியூன் ராம்தீன் ஒரு கவரைக் கொண்டுவந்து நீட்டினான். சீட்டுக் கிழிந்தது என்று நினைத்தபடியே அவன் பிரித்தான்.

"இன்று முதல் உன் வேலை நிரந்தரம். இனி இந்த ஆபீஸில் பேனாக் கட்டையைப் பற்றி யாரும் பேசக் கூடாது."

இரண்டு தடவை படித்தும் அவனுக்கு விளங்கவில்லை. "துரைக்கு என் மேலே கோபம் இல்லையா, ராம்தீன்?" என்று ஹிந்துஸ்தானியில் கேட்டான்.

ராம்தீன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தான்.

"கோபமா? பாபு, அந்த மேஜையில இருக்கற கட்டையெல்லாம் பௌபஜார்லேருந்து மாசாமாசம் வாங்கிட்டு வர்றவனே நான்தானே!"