பதினேழாம் நம்பர் பெண்

இருந்தவர்கள்: பேட்டி எடுத்தவர். பேட்டி கொடுத்தவர் (பெண், எண் பதினேழு). வேறு யாரும் இல்லை.

பேட்டித் தாளின் தலைப்பில் இருந்த அந்தக் கடைசி மூன்று வார்த்தைகளைக் கலர் பேனா இரண்டு தடவை படித்தார். வேறு யாரும் இல்லை என்றால் புருஷனும் இல்லை. புருஷன் இல்லாத அறையில் ஒரு மனைவி ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கிறாள். தட்டச்சு செய்ததில் முப்பத்தோரு பக்கம் வந்திருந்தது.

கலர் பேனா என்ற பட்டப்பெயர் அவருக்கு வேலையால் வந்தது. சமூகவியல் ஆய்வு மையத்தில் அவர் யாரையும் பேட்டி எடுப்பதில்லை. மற்றவர்கள் எடுத்து வந்ததைப் படித்து, கோபத்துக்குச் சிவப்பு, பயத்துக்கு மஞ்சள், முடிவெடுக்கும் இடத்துக்குப் பச்சை என்று கோடு போடுவார். இந்தத் தடவை, கல்யாணமாகிப் பத்து வருஷம் தாண்டியவர்களின் மனக்குறைகள். பதினாறு குடும்பங்களின் கண்ணீருக்குக் கோடு போட்டுவிட்டு ஒரு குறையும் இல்லாமல் சாப்பிட்டு வந்த மனிதர்தான்.

பதினேழு அப்படி விடவில்லை.

"நான் ஒரு விஷயம் ஆரம்பிச்சா அவரே முடிச்சு வெச்சிடுவார்" என்றது இரண்டாம் பக்கம். சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார். "ஈரத்துண்டு கட்டில்மேலதான் கிடக்கும்" என்றது ஐந்தாம் பக்கம். காலையில் தன் துண்டை எங்கே போட்டோம் என்று யோசித்தார், மூடியை மூடினார். ஒன்பதாம் பக்கத்துக் கணவர் தூக்கத்தில் போர்வை முழுவதையும் சுருட்டிக்கொள்கிறவர். இது தனக்குப் பொருந்துமா என்று தெரியவில்லை. தூங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்? செய்திருப்பார்.

இருபத்தாறாம் பக்கத்தில் பச்சை அடிக்க வேண்டிய வரி இருந்தது. "பீரோ மேல ஒரு பெட்டி இருக்கு. பிள்ளைங்க பரிட்சை முடியட்டும். எடுத்துக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

அவர் வீட்டு பீரோ மேலும் ஒரு பெட்டி இருந்தது.

பதினேழின் கணவர் வங்கியில் வேலை பார்ப்பவர், வீட்டில் இரண்டு பையன்கள். இவர் வங்கியில் இல்லை, இவருக்கு ஒரே மகள். அரை நிமிஷம் உயிர் திரும்பி வந்தது. அதற்குள் பேர்மாத்தி அக்கா ஞாபகத்துக்கு வந்துவிட்டாள். யாருடைய பேட்டி என்று தெரியாதபடி பெயர், வேலை, பிள்ளைகள் எல்லாவற்றையும் மாற்றிப் போடுவது அவள் உத்தியோகம். ஆகவே பொருந்துவதெல்லாம் உண்மை, பொருந்தாததெல்லாம் அக்காவின் கைவேலை. இந்தக் கணக்கில் முப்பத்தோரு பக்கமும் ஓர் எழுத்து பிசகாமல் பொருந்தின.

அக்காவிடம் கேட்கவும் முடியாது. சொன்னால் அவளுக்கு வேலை போகும், கேட்டால் இவருக்கு.

மகளுக்குப் பரிட்சை முடிய ஒன்பது நாள் இருந்தது.

அன்று சாயங்காலம் மனைவி குழாய் ஒழுகுகிற கதையை ஆரம்பித்தாள். வழக்கமாக அவர் இரண்டாவது வாக்கியத்திலேயே பிளம்பரை வரவழைத்துக் கதையை முடித்துவிடுவார். இன்று வாயை மூடிக்கொண்டு, பேட்டியாளர்களுக்கு மையம் கொடுக்கும் கையேட்டில் இருக்கிறபடி தலையை ஆட்டினார்.

"அப்போ உனக்கு எப்படி இருந்துச்சு? கொஞ்சம் விரிவாச் சொல்லேன்."

"குழாய் ஒழுகுனா எனக்கு எப்படிங்க இருக்கும்?" என்று அவள் அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

அவர் துண்டை மடித்துக் கொடியில் போட்டார். போர்வை முழுவதையும் அவளுக்கே விட்டுக்கொடுத்தார், அவளும் முழுவதையும் எடுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் சளி பிடித்தது, நான்காம் நாள் காய்ச்சல். டாக்டர் அப்பாவிடம் எதையோ சொல்லியிருக்கிறார், அப்பா மறைக்கிறார் என்று மகளிடம் சொல்லிவிட்டு மனைவி சமையலறையில் அழுதாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றவருக்கு அழுகை மட்டும் கேட்டது. போவதற்கு மனசில்லாமல் அழுகிறாள். ஆக, போவது உறுதி.

மறுநாள் பெட்டியை ஆபீசுக்குக் கொண்டுபோய்த் தன் மேசைக்கடியில் ஒளித்தார். பெட்டி இல்லாமல் எப்படிப் போவாள்? அன்று ஒட்டடை அடிக்க நாற்காலிமேல் ஏறிய மனைவி, பீரோ மேல் தூசிக்கு நடுவே பெட்டி அளவுக்குச் சுத்தமான ஒரு சதுரத்தைப் பார்த்தாள். காய்ச்சல், கரிசனம், இப்போது பெட்டி. முதலில் பெட்டி போகும், அப்புறம் ஆள் போவார் என்று அவளுக்குத் தோன்றியது. அழுகை நின்றுவிட்டது. அழாத முகத்தைப் பார்த்து அவர் இன்னும் பயந்தார்.

பயத்தில் மாமியாருக்குப் போன் போட்டு, உங்கள் பெண் அங்கே வருவதாகச் சொன்னாளா என்று மெதுவாகக் கேட்டார்.

"ஏன் மாப்பிள்ளை, அவ வீட்டுல இல்லையா?"

பத்து நிமிஷத்தில் மாமியார் தன் மகளைக் கூப்பிட்டாள். பதினைந்தாவது நிமிஷத்தில் மைத்துனன் கூப்பிட்டான். யார் என்ன சொன்னாலும் சரி, அறையை ஒழித்து வைத்திருக்கிறோம், எப்போது வேண்டுமானாலும் வந்துவிடு என்று இருவருமே சொன்னார்கள். இதுவரை போகவே நினைக்காதவளுக்கு இப்போது போக ஓர் அறையும் தயாராக இருந்தது.

பரிட்சை முடிகிற நாள் காலையில், மகள் பள்ளிக்கூடம் போனதும், மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள். எங்கே போகப் போகிறீர்கள், யாரோடு என்று கேட்டாள். சட்டைக்குள்ளிருந்து முப்பத்தோரு பக்கத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். வெளியே கொண்டுவரவே கூடாத காகிதம்.

"இது நீதானே?"

அவள் ஒரு பக்கம் விடாமல் படித்தாள். அவர் சுவரில் சாய்ந்து நின்றார். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒருவர் படித்து முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"நான் யாருக்கும் பேட்டி குடுக்கல" என்றாள் கடைசியில். "ஆனா பாவங்க இவ. போர்வையைக்கூட விட்டுவெக்காத ஆளோட எப்படித்தான் குடித்தனம் பண்றாளோ. இவ மட்டும் எதிர்ல வந்தா, யோசிக்காதே தாயி, இன்னைக்கே கிளம்புன்னு சொல்லிடுவேன்."

அவர் நம்பவில்லை. குரல் இவ்வளவு நிதானமாக இருந்தால் எப்படி நம்புவது? அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, உங்கள் ஆபீசிலேயே கேட்டுவிடலாம் வாருங்கள் என்றாள்.

ஆபீசில் முதலில் அவள் கண்ணில் பட்டது மேசைக்கடியில் இருந்த பெட்டி. அதைத் தாண்டி நேராகப் பேர்மாத்தி அக்காவிடம் போய்க் காகிதத்தை நீட்டினாள்.

"யாருன்னு நீங்க சொல்ல வேண்டாம். நான் இல்லைன்னு மட்டும் இவர்கிட்ட சொல்லுங்க."

அக்கா எண்ணைப் பார்த்தாள். கலர் பேனாவைப் பார்த்தாள். மறுபடியும் எண்ணைப் பார்த்தாள். அடுத்தவர் எண்ணைச் சொல்லத்தான் தடை, அவரவர் எண்ணை அவரவரிடம் சொல்லலாம், அதற்கு விதியில் இடம் இருக்கிறது என்றாள்.

"என்ன சார், விளையாடுறீங்களா? போன வருஷம் புதுசா வந்த பொண்ணு பேட்டி எடுத்துப் பழகணும்னு உங்களைத்தானே உட்கார வெச்சோம். அரை மணி நேரம் போதும்னா, ஒன்றரை மணி நேரம் வீட்டம்மாவைப் பத்திக் கொட்டுனீங்க. ரொம்ப நல்லா வந்திருக்குன்னு ஆய்வுலயும் சேர்த்துட்டாங்க. ஆபீஸ் ஆளாச்சே, யாரும் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு ஆம்பளையைப் பொம்பளையா மாத்தினேன். மத்தபடி ஒரு குறையைக்கூட நான் தொடல."

மனைவி கையிலிருந்த காகிதங்களை ஓரம் பிசகாமல் அடுக்கி மேசைமேல் வைத்தாள்.

"பேட்டி எடுக்குறது இன்னும் நடக்குதாம்மா?"

"நாலு பேர் பாக்கி இருக்காங்க."

"எனக்கு ஒன்றரை மணி நேரம் பத்தாது."

அக்கா சாவியை எடுத்துக்கொண்டு பேட்டி அறைக்கு முன்னால் நடந்தாள். மனைவி உள்ளே போனாள். பின்னாலேயே போன கலர் பேனாவின் நெஞ்சில் அக்கா ஒரு விரலை வைத்து நிறுத்தினாள்.

"வேறு யாரும் இருக்கக் கூடாது, சார்."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து பூட்டு இரண்டு தடவை திரும்பியது.