கல் உடைக்கிற பெட்டி

என் வயிற்றில் யாரும் கத்தி வைக்கக் கூடாது. இது நான் எடுத்த முடிவு. எடுத்த இடம் ஆஸ்பத்திரிப் படிக்கட்டு. எடுத்த வேகம், நான் படியிறங்கிய வேகம்.

டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனிதர். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "பித்தப்பையில கல்லு. ஒண்ணு ரெண்டு இல்ல, குடும்பத்தோட குடியிருக்கு. பையும் வீங்கியிருக்கு" என்றார். வீக்கம் வடிய மாத்திரை எழுதினார். வடிந்ததும் பையையே எடுத்துவிட வேண்டுமாம். விட்டுவைத்தால் சீழ் பிடிக்குமாம், வெடித்தால் உயிருக்கே உலையாம்.

"பயப்பட ஒண்ணுமில்ல. சின்னதா நாலு துளை போடுவோம். அவ்வளவுதான்."

நாலு துளை. நான் என்ன புல்லாங்குழலா?

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி, "சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர்" என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். தலை அவளுடையது, வயிறு என்னுடையது. ஆட்டுவதற்கு என்ன, ஆட்டலாம்.

இங்கே என் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். நான் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். கல்யாணம், கூட்டம், கடைத் திறப்பு என்று எங்கே சத்தம் தேவையோ அங்கே நான் இருப்பேன். ஒரு கல்யாணத்தில் பெரிய ஸ்பீக்கர் மேல் யாரோ கண்ணாடி டம்ளரை வைத்துவிட்டுப் போனார்கள். பாட்டு ஆரம்பித்தது. டம்ளர் நடுங்கியது, நகர்ந்தது, விளிம்புக்கு வந்தது, விழுந்து சுக்குநூறானது. இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். டம்ளரை உடைக்கிற அதிர்வு கல்லை உடைக்காதா? தொழில் தெரிந்தவனுக்கு இது சந்தேகமாக வரும். அரைகுறையாகத் தெரிந்தவனுக்கு நம்பிக்கையாகவே வந்துவிடும். எனக்கு நம்பிக்கையாக வந்தது.

நம்பிக்கைக்குத் தீனி போட மேல்வீட்டுக்காரர் இருந்தார். முன்பு தண்ணீர் சுத்தம் செய்யும் கருவி விற்றவர். இப்போது உடம்பைச் சுத்தம் செய்யும் கருவி விற்கிறார். சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி, நெற்றியில் சிவப்பு பல்பு, வயிற்றில் ஒரு திருகு, இரண்டு பக்கமும் ஒயர், ஒயர் முனையில் ஆளுக்கொரு செம்புக் குழாய்.

"ரெண்டு கையிலயும் குழாயைப் பிடிச்சுக்கணும் சார். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு அலைவரிசை இருக்கு. ரேடியோவுல ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி திருகிப் பிடிச்சா நோய் ஓடிடும். பித்தக்கல்லுக்கு நானூத்திப் பதினெட்டு."

"கேன்சருக்கு?"

"அதுக்கும் எண் இருக்கு."

"மாரடைப்புக்கு?"

"அதுக்கும் இருக்கு."

"மனைவிக்கு?"

அவர் முகம் வாடிவிட்டது. "அது மட்டும் இன்னும் கண்டுபிடிக்கல சார்."

அந்த ஒரு பதிலில் அவருடைய நேர்மை எனக்குப் பிடித்துப்போனது. பெட்டியோடு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் பெரிய போர் நடக்கும் என்று எதிர்பார்த்தேன். ஏனென்றால் என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். நாள் முழுக்கப் பயந்தவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஊரைச் சுற்றுகிறவள். அவள் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் வண்டி அது. அவளுக்கென்று ஒரு பாடம் உண்டு: "பயப்படறவங்ககிட்டப் பயப்படாதீங்கன்னு சொல்லக் கூடாது. இன்னும் பயப்படுவாங்க. சரி, வேண்டாம், இறங்கிடுங்கன்னு சொல்லணும். இல்லீங்க ஓட்டறேன்னு அவங்களே சொல்லுவாங்க." இதை எத்தனையோ முறை என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான்தான் அதைக் கார் சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியை மேஜையில் வைத்தேன். தொண்டையைச் செருமினேன்.

"ஆபரேஷன் கிடையாது. இதுதான் வைத்தியம். நீ என்ன சொன்னாலும் சரி."

அவள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். பல்பைத் தொட்டுப் பார்த்தாள். என்னையும் ஒரு தரம் பார்த்தாள்.

"நல்லதுங்க" என்றாள்.

"என்ன நல்லது?"

"கத்தியில்லாம சரியானா நல்லதுதானே. எனக்கு மட்டும் உங்க வயித்தைக் கிழிக்கணும்னு வேண்டுதலா என்ன?"

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சண்டைக்கு என்று தயார் செய்து வைத்திருந்த வசனங்கள் எல்லாம் வீணாகிப் போயின.

"மாத்திரையையும் சேர்த்தே போட்டுக்கோங்க" என்றாள்.

"அது டாக்டர் குடுத்தது."

"இருக்கட்டும். மேல்வீட்டு அண்ணன்கிட்டக் கேட்டுட்டேன். வீக்கம் இருந்தா அலை உள்ள போகாதாம். மாத்திரை வழி பண்ணிக் குடுக்குமாம்."

அறிவியல் பூர்வமாக இருந்தது. போட்டுக்கொண்டேன். மறுநாளே வலி குறைந்தது. பார்த்தாயா என்றேன். பார்த்தேன் என்றாள். பெட்டியைத் தொட்டுக் கண்ணில்கூட ஒற்றிக்கொண்டாள். அந்தக் கணத்தில் நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அடுத்த நாள் நான் காபிக்குக் காத்திருந்தேன். வெந்நீர் வந்தது.

"காபி எங்கே?"

"காபி நரம்பைத் துள்ளவைக்கும். அலை தடுமாறும். பெட்டியோட வந்த கையேட்டுல இருக்குங்க."

கையேட்டில் அப்படி எதுவும் நான் படிக்கவில்லை. ஆனால் அதை முழுசாக நான் எங்கே படித்தேன்? மத்தியானம் உப்பும் எண்ணெயும் இல்லாமல் வேகவைத்த காய் வந்தது. சாயங்காலமும் அதே காய் வந்தது. என்னைப் பார்த்து அதுவும் அலுத்துப்போயிருந்தது.

பிறகு என் போனை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "அதுலயும் அலை இருக்குல்ல. ரெண்டு அலையும் உங்க வயித்துக்குள்ள சண்டை போட்டா நான் யாரைப் போய் விலக்குவேன்?" டிவி நின்றது. கடைக்குப் போவது நின்றது. "ஸ்பீக்கர் முன்னால போய் நின்னா இங்க ஏத்தினதெல்லாம் அங்க இறங்கிடும்." கடைசியில் என் வாய்க்கே வந்துவிட்டாள்.

"பேசாதீங்க."

"ஏன்?"

"குரலும் அதிர்வுதானே. உங்களுக்குத் தெரியாததா?"

சத்தத்தை விற்றுச் சாப்பிடுகிறவன் நான். என்னைச் சைகையில் பேசவைத்துவிட்டாள். உப்பு வேண்டும் என்பதைச் சைகையில் கேட்டுப் பாருங்கள். கொசு கடித்தது என்று நினைத்துத் தைலம் கொண்டுவந்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆபரேஷனை என்னைவிட மோசமாகத் திட்டியவள் அவள்தான். செம்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு, அலை பாய்வதற்காக நனைத்துப் போட்ட சாக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். எதிரில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே ஆரம்பிப்பாள்.

"என்ன ஆபரேஷன் அது. மயக்க ஊசி போட்டுடுவாங்களாம். ஒண்ணுமே தெரியாதாம். அப்படித் தெரியாம ஒரு வைத்தியமா?"

நான் தலையாட்டினேன்.

"ஒரு மணி நேரத்துல முடிச்சுடுவாங்களாம். அரக்கப்பரக்க. மூணாவது நாள் வீட்டுக்குப் போன்னு துரத்திடுவாங்களாம். கொஞ்ச நாள்ல காபி, வறுவல் எல்லாம் மெதுவா ஆரம்பிக்கலாமாம். கட்டுப்பாடே கிடையாது. சீச்சீ."

நான் தலையாட்டுவதை நிறுத்தினேன். வறுவலா?

"நமக்கு அந்த அவசரமே வேண்டாம். அண்ணன்கிட்டப் பெரிய பெட்டி ஒண்ணு இருக்காம். கட்டில் மாதிரி. அதுல படுத்துக்கணும். ஒரே வருஷம்."

"ஒரு வருஷமா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"ஷ்ஷ். அதிர்வு."

அன்று மத்தியானம்தான் அது வந்தது. குழாய்கள் கையில், பல்பு சிவப்பாக எரிகிறது, எண் சரியாக நானூற்றுப் பதினெட்டு. வலது விலாவுக்குக் கீழே யாரோ கையை விட்டுப் பிழிந்தார்கள். குழாய்கள் கீழே விழுந்தன. நான் சாக்கின் மேல் சுருண்டேன். அவள் ஓடி வந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். மாத்திரை கொடுத்தாள், தண்ணீர் கொடுத்தாள். அவள் கை நடுங்கியது. மலைச்சாலையில் கற்றுக்குட்டியை ஓட்டவிட்டு வேடிக்கை பார்க்கிறவளின் கை அது. எனக்கு வயிறு வலித்ததைவிட அது அதிகம் வலித்தது. செத்துப்போவேனோ என்று முதல் முறையாக நிஜமாகப் பயந்தேன். கத்திக்குப் பயந்தது எல்லாம் அதற்கு முன்னால் தூசு.

வலி இறங்கியதும் முடிவை மாற்றிக்கொண்டேன். ஆபரேஷன்தான். ஆனால் இவளிடம் எப்படிச் சொல்வது? பாவம், பெட்டியை முழுசாக நம்பிவிட்டாள். கண்ணில் ஒற்றிக்கொள்கிற அளவுக்கு நம்பிக்கை. அதை என் வாயால் உடைக்க மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், நான்தானே அவளுக்குப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன், இப்போது நானே வேண்டாம் என்றால் என் மானம் என்ன ஆவது? ஆகவே ரகசியமாகப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு வந்துவிடுவது, பெட்டிதான் குணப்படுத்தியது என்று சொல்லிவிடுவது என்று திட்டம் போட்டேன். வயிற்றில் நாலு ஓட்டை எப்படி வந்தது என்று கேட்டால் என்ன சொல்வது என்று அப்புறம் யோசித்துக்கொள்ளலாம்.

வீட்டைவிட்டு எப்படிக் கிளம்புவது? அதற்கும் தெய்வம் வழிவிட்டது. அன்று சாயங்காலமே மனைவியின் போனுக்கு ஓர் அழைப்பு.

"உங்களுக்குத்தாங்க. ஏதோ வெளியூராம். சுருக்கமாப் பேசுங்க."

யாரோ ஒரு சங்கத்துக்காரர். ஆண்டு விழாவாம். வியாழக்கிழமையிலிருந்து மூன்று நாள். கருவியெல்லாம் அவர்களிடமே இருக்கிறதாம், இயக்க ஓர் ஆள் போதுமாம். குரலில் அப்படி ஒரு பணிவு. நான் வருகிறேன் என்றேன். மனைவியைப் பார்த்தேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

"வைத்தியம் கெட்டுப்போகுமேங்க."

"தொழில்மா. வாக்குக் குடுத்தாச்சு."

"சரி. போயிட்டு வாங்க. என்ன பண்றது."

கால்வலிக்குத் தைலம் வாங்குகிறேன் என்று சொல்லி மறுநாள் மருந்துக் கடைக்குப் போனேன். அங்கே மேல்வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். கையில் தலைவலி மாத்திரை.

"தலைவலிக்குப் பெட்டியில எண் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு சார். ஆனா தலைவலியோட திருகினா எண் சரியாத் தெரிய மாட்டேங்குது." மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

கடைக்காரர் போனை வாங்கி ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். வியாழக்கிழமை பித்தப்பை ஆபரேஷனுக்கு இடம் இருக்கிறதா என்றேன். "இருக்குங்க, காலையில வந்துடுங்க" என்றாள் நர்ஸ். பேரைக்கூடக் கேட்கவில்லை. சுறுசுறுப்பான ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து, முந்தின நாள் குறித்துவைத்த எண்ணில் சங்கத்துக்காரரைக் கூப்பிட்டு, வர முடியாது, மன்னிக்கணும் என்றேன். அவர் கொஞ்சம்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. "நல்லபடியாப் போயிட்டு வாங்க சார்" என்றார். உலகத்தில் நல்லவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

புதன்கிழமை ராத்திரிக்கு மேல் எனக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. "பயணத்துக்கு முன்னாடி வயிறு காலியா இருந்தா மூணு நாளைக்கு அலை நிக்குமாம்" என்றாள். பையையும் அவளே அடுக்கினாள். முன்பக்கம் பொத்தான் வைத்த தொளதொளச் சட்டை, இடுப்பை இறுக்காத பைஜாமா, செருப்பு, துண்டு. ஆண்டு விழாவுக்குப் பைஜாமாவோடு யார் போவார்கள்? வெகுளி, உலகம் தெரியாதவள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். இப்படிப்பட்டவளை ஏமாற்றுகிறோமே என்று கொஞ்சம் கஷ்டமாகவும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா? ராத்திரியிலிருந்து எதுவும் சாப்பிடலையே? தொளதொளன்னு சட்டை கொண்டு வந்தீங்களா?" என்றாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கே வீட்டம்மா டாக்டரைப் பார்த்துத் தேதி வாங்கிட்டாங்களே. அதோ, உங்களுக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்திருக்காங்க."

பெஞ்சின் ஓரத்தில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பையைத் திறந்து பைஜாமாவை ஒரு தரம் பார்த்தேன்.

"கோவமா?" என்றாள்.

"அப்ப நீ பெட்டியை நம்பவே இல்லையா?"

"அந்தப் பெட்டிக்குப் பல்பு எரியத்தாங்க தெரியும். நேரா ஆபரேஷன்னு சொன்னா நீங்க மேல்வீட்டுலயே போய்க் குடியிருந்திருப்பீங்க." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வீக்கம் வடியறதுக்குள்ள உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு எனக்கு உயிரே இல்லைங்க. அன்னைக்குச் சாக்குல சுருண்டீங்களே, டாக்டர்கிட்ட ஓடினேன். மாத்திரை கேக்குது, வியாழன் வரை தாங்கும்னார். அப்பவும் எனக்குத் தூக்கம் வரல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு அன்பாக யாராவது என்னைக் கவிழ்ப்பதாக இருந்தால் தினமும் கவிழலாம் என்று தோன்றியது.

கண் விழித்தபோது வயிற்றில் நாலு ஒட்டுப்போட்டிருந்தார்கள். வலி பொறுக்கும்படிதான் இருந்தது. ஒரு குப்பியில் என் கற்களைக் காட்டினார்கள். மிளகு அளவில் அழகாக இருந்தன. இவற்றுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று வெட்கமாகவும் இருந்தது, உயிரோடு இருக்கிறோம் என்று சந்தோஷமாகவும் இருந்தது. வாயைத் திறந்து இஷ்டத்துக்குப் பேசினேன். யாரும் தடுக்கவில்லை.

கொஞ்சம் தெம்பு வந்ததும் மானமும் கூடவே வந்தது. ஒரு இடத்திலாவது நான் ஜெயித்திருக்க வேண்டுமே.

"எல்லாம் உன் சாமர்த்தியம்தான். ஒத்துக்கறேன்" என்றேன். "காபி உன் வேலை, காய் உன் வேலை, பட்டினியும் உன் வேலை. ஆனா ஒண்ணு. சரியான நேரத்துல அந்த வெளியூர் போன் வரலேன்னா நான் வீட்டுப் படியையே தாண்டியிருக்க மாட்டேன். அது மட்டும் என் அதிர்ஷ்டம். அதுல உனக்குப் பங்கு கிடையாது."

"கிடையாதுதாங்க" என்றாள் அவள், என் தலையணையைச் சரிசெய்தபடி. "உங்க அதிர்ஷ்டம் நாளைக்குக் காலையில என்கிட்ட வகுப்புக்கு வருது. போன்ல நல்லாத்தான் பேசறார், வண்டியைப் பின்னால எடுக்கத்தான் இன்னும் வரல."