ஐந்து நட்சத்திரச் சாட்சிகள்

உலகத்திலேயே பெரிய பணக்காரரைப் பார்த்து யாருக்கும் வயிறு எரிவதில்லை. அவர் கப்பல் வாங்கட்டும், தீவு வாங்கட்டும், நமக்கென்ன. ஒரே மாமியார் வீட்டில், ஒரே பந்தியில், பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறானே சகலை, அவன் இலையில் ஒரு துண்டு கறி கூடுதலாக விழுந்தால்தான் எரியும். எனக்கு இந்த எரிச்சல் பல வருஷமாக உண்டு. டாக்டரிடம் காட்டினேன். கேஸ் என்றார். (கேஸ் இல்லை டாக்டர், எட்வின்.)

என் மாமியாருக்கு மூன்று பெண்கள். மூத்தவள் கிரேஸை நான் கட்டினேன். நடுப்பெண்ணை எட்வின் கட்டினான். எனக்குச் சித்தூரில் பேக்கரி, அவனுக்குத் திருப்பதியில் பேக்கரி. முதலில் தொடங்கியது நான். (இதை எல்லா இடத்திலும் சொல்லிவிடுவேன், நீங்களும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) என் கடைக்கு வந்து அடுப்பைப் பார்த்து, மாவு எங்கே வாங்குகிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனவன்தான் எட்வின். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி. வாய் நிறைய "அண்ணா, அண்ணா" என்று கூப்பிடுகிற நல்லவன். நல்லவன் மேல் பொறாமைப்படுவது ரொம்பக் கஷ்டமான வேலை. ஒரு காரணமும் கிடைக்காது, எல்லாவற்றையும் நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

சண்டை உண்மையில் தொடங்கியது போனில். சண்டை போட்டவன் நான் மட்டும்தான், அவனுக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாது. ஒருநாள் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, சும்மா "சித்தூர் கேக் கடை" என்று தேடிப் பார்த்தேன். முதலில் வந்தது எட்வின் கடை. திருப்பதியில் இருக்கிற கடை! சித்தூர் வரைக்கும் டெலிவரி என்று போட்டிருந்தான், நடுவில் இருக்கிற புத்தலப்பட்டைக்கூட விடவில்லை. பளபளவென்று கேக் படங்கள், கீழே நட்சத்திரங்கள், பாராட்டுகள். என் கடையைத் தேடி விரலால் தள்ளிக்கொண்டே போனேன். கீழே, இன்னும் கீழே, 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று சிவப்பில் எழுதிய ஒரு பேக்கரிக்கும் அடியில் இருந்தேன். மூடிப்போன கடைக்குக் கீழே, திறந்திருக்கிற என் கடை.

அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் எட்வின் கடைக்கு வந்த புது ரிவ்யூக்களைப் படிப்பேன். அப்புறம்தான் பைபிள். ஒருமுறை யாரோ ஒரு புண்ணியவான் அவனுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார். எனக்கு அன்றைக்குப் பண்டிகை. ஆசையாகத் திறந்து பார்த்தால், 'ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்தது' என்று புகார். அதற்கு எட்வின், 'மன்னியுங்கள், அது கர்த்தருடைய நாள். திங்கட்கிழமை வாருங்கள், உங்களுக்காகப் புதிதாகச் செய்து வைக்கிறேன்' என்று பதில் போட்டிருந்தான். ஒற்றை நட்சத்திரம் போட்டவரே திரும்பி வந்து அதை ஐந்தாக்கிவிட்டுப் போயிருந்தார்.

என் கடைக்கு இருந்த ரிவ்யூக்கள் மிகச் சில. ஒன்று நானே எழுதியது. ஒருவர் 'ஓகே' என்று எழுதியிருந்தார். இன்னொன்று கிரேஸ் போட்டது, நாலு நட்சத்திரம்.

"இன்னாமே இது, கட்டின புருஷனுக்கு நாலு ஸ்டாரா?" என்று கேட்டேன்.

"அன்னிக்கி பன்னு காஞ்சி போய்க் கெடந்துச்சி. கர்த்தர் பாத்துக்கினு இருக்காரு, பொய் எழுதச் சொல்றீங்களா?" என்றாள். 

இப்படி நான் வெந்துகொண்டிருந்த நேரத்தில்தான் கடைசி மச்சினிச்சி பெனிட்டாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சுதாகர், நாயுடுபேட்டைப் பக்கத்துத் தெலுங்குப் பையன். ஸ்ரீ சிட்டியில் ஒரு ஃபேக்டரியில் குவாலிட்டி செக்கிங் வேலை. சித்தூரில் எங்கள் கோயிலில்தான் கல்யாணம். கல்யாண கேக் யார் செய்வது என்ற பேச்சு வந்ததும் மாமியார் கையை விரித்துவிட்டார்.

"ரெண்டு மாப்பிள்ளைங்களும் எனக்கு ரெண்டு கண்ணு. நான் எந்தக் கண்ணை மூடிக்கினு எந்தக் கண்ணைத் தொறப்பேன்? சுதாகரே சொல்லட்டும்."

சுதாகர் யாருக்கும் வலிக்காமல் பேசுகிற பையன். "அன்னா, நான் ரெண்டு கடையும் பாத்தது இல்ல. போன்ல ரிவ்யூ சூசி செப்தா. ஆதிவாரம் சாப்பாட்டுக்கு வரேன் இல்ல, அப்ப ஃபைனல் பண்ணிக்கலாம்" என்றான்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் பார்த்துச் சொன்னால் யார் பெயரைச் சொல்வான் என்று எனக்குத் தெரியாதா? சொந்த ஊர், சொந்தக் கோயில், மூத்த மாப்பிள்ளை நான் கல்லுப்போல இருக்க, திருப்பதியிலிருந்து கேக் வந்து இறங்கினால் நான் எந்த முகத்தோடு முன்வரிசையில் உட்காருவேன்? ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குள் என் கடைக்கு நட்சத்திரங்கள் வந்தாக வேண்டும். நட்சத்திரங்களுக்கு எங்கே போவது என்று யோசித்தேன். சபை இருக்கிறதே!

ஞாயிறு காலை பாஸ்டர் ஐயாவைப் பிடித்தேன். "சபையில கடை விளம்பரம் எல்லாம் சொல்லக்கூடாதுப்பா" என்றார். விளம்பரம் இல்லை, ஒரு சின்ன உதவி என்று குழைந்தேன். "ஆராதனை முடிஞ்சதும் ஹால்ல நீயே சொல்லிக்கோ. என் பேரை இழுக்காதே" என்று தப்பித்துக்கொண்டார்.

ஹாலில் எல்லாருக்கும் ஒரு துண்டு பிளம் கேக் கொடுத்து, கையில் போனையும் எடுக்க வைத்தேன். எங்கள் சபையின் தூண் என்று சொல்லத்தக்க தேவகிருபை அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டார், "ஜெயசீலா, இன்னான்னு எழுதணும்? எனக்கு இதெல்லாம் வராதுப்பா."

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அல்லது 'கேக் நன்று' என்று எழுதச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "ஒண்ணும் கஷ்டம் இல்லக்கா. கோயில்ல சாட்சி சொல்வீங்க இல்ல? அந்த மாதிரி மனசைத் தொறந்து எழுதுங்க. அஞ்சு ஸ்டாரை அமுக்க மட்டும் மறந்துடாதீங்க."

எங்கள் சபையில் சாட்சி சொல்வதற்கு ஒரு முறை உண்டு. முதலில் துன்பத்தைச் சொல்ல வேண்டும். வியாதி, விபத்து, கைவிட்ட டாக்டர், எல்லாம் வர வேண்டும். அப்புறம் ஜெபம். அப்புறம் விடுதலை. துன்பம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய மகிமை. துன்பமே இல்லாமல் யாராவது சாட்சி சொன்னால் சபை கொட்டாவி விடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடப் படிப்பு தெலுங்கில். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்துகொண்டது சண்டே ஸ்கூலில், பைபிளை வைத்து. அதனால் தமிழில் எழுத உட்கார்ந்தால் எங்களுக்கு அந்த நடை மட்டும்தான் வரும்.

இதெல்லாம் இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஹால் முழுக்கத் தலை குனிந்து, பக்தியோடு போனைத் தட்டிக்கொண்டிருந்த ஜனங்கள்தான். கொஞ்ச நேரத்தில் என் போன் கிணுகிணுவென்றது. ஐந்து நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம், மறுபடியும் ஐந்து. நான் நட்சத்திரங்களை மட்டும் பார்த்தேன். அதற்குக் கீழே எழுத்தும் இருக்கும் என்பது ஞாபகமே வரவில்லை. மாமியார் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் விசில் அடித்துக்கொண்டே போனேன்.

சாப்பாட்டில் எல்லாரும் இருந்தார்கள். எட்வின் எனக்குப் பக்கத்து இலை. சுதாகர் போனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். "அன்னா, மீ கடைக்கு ஒரே நாள்ல இத்தனை ஃபைவ் ஸ்டாரா!"

நான் எட்வினைத் திரும்பிப் பார்த்தேன். (அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்கே அறைய வேண்டும்போல இருக்கிறது.) "ஜனங்களுக்குத் தெரியும்பா, யார்கிட்ட ருசி இருக்குதுன்னு" என்றேன்.

"எனக்குத் தமிழ் படிக்க ராது. பெனிட்டா, கொஞ்சம் படியேன்" என்று சுதாகர் போனை நீட்டினான்.

பெனிட்டா கோயிலில் வேதபாடம் வாசிக்கிறவள். நிறுத்தி, நிதானமாக, கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரலில் வாசிப்பாள். அப்படியே வாசித்தாள்.

"'போன பண்டிகைக்கு இந்தக் கடையில் கேக் வாங்கிப் புசித்தோம். வீட்டில் அனைவருக்கும் கொடிய வயிற்றுப்போக்கு உண்டாயிற்று. மருத்துவர் தலையை அசைத்தார். சபையார் ஊக்கமாய் ஜெபித்தார்கள். மூன்றாம் நாள் எழுந்தோம். ஸ்தோத்திரம். தேவகிருபை.'"

மாமியார் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. சரி, வயதான பெண்மணி, அடுத்ததைப் படி என்றேன்.

"'இந்தக் கடையின் ரஸ்கைக் கடித்தபோது என் பல் முறிந்தது. அந்தப் பல்லோ வெகு காலமாய் என்னை வாதித்துக்கொண்டிருந்தது. அன்றே வேதனை நீங்கிற்று. கர்த்தர் நல்லவர்.'"

"'கடைக்காரர் முற்காலத்தில் மகா கோபக்காரர். மீதிச் சில்லறை கேட்டால் சீறுவார். நாங்கள் ஜெபித்ததினால் இப்போது சற்றே மாறியிருக்கிறார். முழுவதும் மாற அனைவரும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.'"

"போதும் பெனிட்டா, சோறு ஆறிப்போவுது" என்றேன்.

"இருங்க மாமா, இன்னும் ஒண்ணு இருக்குது" என்றவள், வாசிக்கத் தொடங்கிவிட்டுப் பாதியில் அக்காவைப் பார்த்தாள். கிரேஸ் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் வேதபாடம் வாசித்துப் பழகியவர்களுக்கு நடுவில் நிறுத்த வராது.

"'முன்பு நான்கு நட்சத்திரம் கொடுத்தேன். இப்போது ஐந்து கொடுக்கிறேன். இவர் என் கணவர். என் தங்கையின் கணவர் கடை முதலில் வருகிறது என்று தினமும் காலையில் பைபிளுக்கு முன்பாக அந்த ரிவ்யூக்களை வாசித்துப் பல்லைக் கடிக்கிறார். இந்தப் பொறாமையின் கட்டிலிருந்து அவர் விடுதலையாக ஜெபியுங்கள். கேக் நன்றாகவே இருக்கும்.'"

பூமி பிளந்து விழுங்கும் என்று பைபிளில் உண்டு. அன்றைக்கு மாமியார் வீட்டு டைல்ஸ் அசையக்கூட இல்லை. எனக்குக் காது இரண்டும் கொதித்தன. எட்வின் சிரித்திருந்தாலோ, முறைத்திருந்தாலோ, குத்தலாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலோ பிழைத்துக்கொண்டிருப்பேன். அவன் என் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, "அண்ணா, கொஞ்சம் தண்ணி குடிங்க" என்றான்.

சுதாகர் மெதுவாகத் தொண்டையைச் செருமினான். "அன்னா, தப்பா நினைச்சிக்காதீங்க. எங்க ஃபேக்டரில இத்தனை கம்ப்ளைன்ட் வந்தா அந்த பேட்ச் மொத்தமும் நிறுத்திடுவோம்."

கேக் எட்வினுக்குப் போனது. எனக்கு ஆறுதலாக மாமியார் ஒரு மரியாதை செய்தார். திருப்பதியிலிருந்து கேக்கை மூத்த மாப்பிள்ளைதான் பத்திரமாக எடுத்து வர வேண்டுமாம். கல்யாணத்தன்று காலை, எட்வின் செய்த கேக்கின் மேல் அடுக்கை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் அணைத்தபடி காரில் வந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் என் வயிறு குலுங்கியது, கேக் குலுங்கவில்லை. புத்தலப்பட்டு தாண்டும்போது, ஒரே ஒருமுறை கையைத் தளர்த்தினால் போதும் என்று ஒரு யோசனை வந்தது. தளர்த்தவில்லை. நான் திருந்திவிட்டதால் இல்லை. கேக்குக்கு ஏதாவது ஆனால் யார் வேலை என்று யாரும் விசாரிக்கக்கூட வேண்டாம், கட்டின மனைவியே எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

அந்தக் கேக் நன்றாக இருந்தது. எவ்வளவு நன்றாக என்றால், நான் இரண்டாம் முறை போய் வாங்கிக்கொண்டேன், முதல்முறை வாங்காதவன் போல முகத்தை வைத்துக்கொண்டு.

தேவகிருபை அக்காவிடம் அந்த ரிவ்யூவை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். "கர்த்தருக்குச் சொன்ன சாட்சியைத் திருப்பி வாங்கிக்கினு வரச் சொல்றியா?" என்று கேட்டார். எல்லா ரிவ்யூக்களும் அங்கேயே இருந்தன. படித்தவர்கள் சிரித்துவிட்டு மற்றவர்களுக்கு அனுப்பினார்கள், அவர்களும் வந்து படித்தார்கள். இத்தனை பேர் எட்டிப் பார்க்கிற கடை நல்ல கடையாகத்தான் இருக்கும் என்று போன் நினைத்துக்கொண்டதோ என்னவோ, இப்போது சித்தூரில் கேக் கடை தேடினால் முதலில் வருவது நான். ஜனங்கள் கடையைத் தேடி வருகிறார்கள். வாசலில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். பிறகு பிறந்தநாள் மெழுகுவர்த்தி மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

எட்வின் போன் செய்தான். "அண்ணா, நீங்க மேல வந்துட்டீங்க, பாத்தீங்களா? எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்குது" என்றான். உண்மையாகவே சந்தோஷப்பட்டான், குரலில் தெரிந்தது. நான் முந்திய பிறகும் அவனுக்கு வயிறு எரியவில்லையே என்று எனக்கு எரிந்தது.

இப்போதும் பண்டிகைக்கு மாமியார் வீட்டில் கூடும்போது, இரண்டு கடைக் கேக்கும் மேசைக்கு வரும். சாப்பிடுமுன் ஜெபம் செய்வது எங்கள் வழக்கம். மாமியார் முதலில், "இது எந்த மாப்பிள்ளை கொண்டாந்தது?" என்று கேட்பார். எட்வின் கேக் என்றால் ஒரே வரி, "ஸ்தோத்திரம், ஆமென்," உடனே கத்தி எடுப்பார்கள். என் கேக் என்றால் எல்லாரும் கைகோத்துக்கொண்டு எழுந்து நிற்பார்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவருடைய வயிற்றுக்காகவும் தனித்தனியாக, பெயர் சொல்லி ஜெபம் நடக்கும். அதை நடத்துகிறவன் எட்வின். ரொம்ப உருக்கமாக ஜெபிப்பான், பாவி.