லில்லி ஆட்டுக்கு ஐந்து மதிப்பெண்

ஒரு காட்டில், எந்தக் காடு என்று கேட்காதீர்கள், அது பாடத்திட்டத்தில் இல்லை, ஒரு மேல்நிலைப் பள்ளி இருந்தது. அங்கே பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்து வந்தவர் ரோஸ்லின் மிஸ் என்னும் எறும்புதின்னி. பதினோரு வருடமாக அவருடைய பாடத்தில் ஒரு பிள்ளைகூட ஃபெயில் ஆனதில்லை. தலைமையாசிரியர் குஞ்சிதபாதம் என்னும் யானை, தன் அறை வாசலில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று பலகை எழுதி மாட்டியிருந்தார். அதில் ஆங்கிலத்துக்கு நேராக ரோஸ்லின் மிஸ்ஸின் பெயர் இருந்தது. காலையில் கையெழுத்துப் போடப் போகும்போதெல்லாம் மிஸ் அந்தப் பலகையைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொள்வார்.

நூறு சதவீதம் எப்படி வந்தது என்றால், கைடால் வந்தது. நரி தெய்வநாயகம் எழுதிய கைடு. காட்டில் மரம் இல்லாத இடம்கூட உண்டு, அந்தக் கைடு இல்லாத வீடு கிடையாது. கட்டுரை என்றால் முன்னுரை, முடிவுரை, நடுவில் கறுப்பு மையில் நாலு தலைப்பு, தலைப்புக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு. 'ஆசிரியர் இதை மிக அழகாக வருணிக்கிறார்' என்ற வரியை எங்காவது ஓரிடத்தில் செருகிவிட வேண்டும். டெங்கு ஒழிப்பைப் பற்றி எழுதச் சொன்னாலும் பிள்ளைகள் அந்த வரியை விடாமல் எழுதின. மார்க்கும் விழுந்தது.

பாடங்களில் ஒரு முழு ஆங்கில நாவலும் இருந்தது. 'முடியாது என்று சொன்ன ஆடு' என்பது அதன் பெயர். ஒரு புலி பௌர்ணமிக்கு ஒரு ஆடு என்று பட்டியல் போட்டுத் தின்கிறது. ஆடுகளும் முறை தவறாமல் போய்க்கொண்டிருக்கின்றன. கடைசியில் லில்லி என்ற சின்ன ஆட்டின் முறை வருகிறது. கைடின்படி, லில்லி தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு, தானே நடந்து போய்ப் புலியின் வாயில் தலையைக் கொடுக்கிறது. புலி ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டுச் சாப்பிடுகிறது. தியாகமே சிறந்தது. முற்றும்.

முடியாது என்று சொன்ன ஆடு எதற்காகக் குளித்துக் கிளம்பிப் போனது என்று பதினோரு வருடத்தில் ஒரே ஒரு அணில்தான் கேட்டது. ரோஸ்லின் மிஸ் கைடைப் புரட்டி, "இங்கே 'முடியாது' என்பது ஆட்டின் அடக்கத்தைக் குறிக்கும்" என்று வாசித்தார். அணில் அதை எழுதிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

நாவலையே பார்த்தால் தெரிந்திருக்குமே என்பீர்கள். நாவல் பள்ளியில் நாற்பது பிரதி இருந்தது. நூலக பீரோவில், பூட்டுப் போட்டு. பிள்ளைகளிடம் கொடுத்தால் தொலைந்துபோகும், தொலைந்தால் ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டும் என்று சாவியை யானை தன் இடுப்பிலேயே வைத்திருந்தார். புத்தகம் பத்திரமாக இருப்பதுதானே நூலகத்தின் வேலை.

ஒரு நாள் மதிய இடைவேளையில் ரோஸ்லின் மிஸ் நூலகத்தைத் தாண்டிப் போகும்போது, உள்ளேயிருந்து நல்ல வாசனை வந்தது. அவருக்கு நாக்கு ஊறியது. நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனார்.

"சார், பீரோவுல கரையான் ஏறியிருக்கு. சாவி குடுங்க."

யானைக்குப் பக்கென்றது. "எதுக்கு டீச்சர்? புக்கை எடுக்கப் போறீங்களா?"

"சேச்சே, இல்ல சார். கரையானைத்தான்."

"அப்ப சரி" என்று சாவியைக் கொடுத்தார்.

முப்பத்தொன்பது பிரதிகளைக் கரையான் தின்றிருந்தது. கரையானை ரோஸ்லின் மிஸ் தின்றார். மேல்தட்டில் ஒரே ஒரு பிரதி மட்டும் தப்பியிருந்தது. வயிறு நிறைந்த மயக்கத்தில் அங்கேயே சாய்ந்தவர், கை நீட்டி அதை எடுத்து, சும்மா கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது காதில் விழவில்லை.

லில்லி சாகவேயில்லை.

கடைசி இருபது பக்கத்தில் லில்லி புலியின் முன்னால் போய் நின்று, "முடியாது" என்கிறது. அவ்வளவுதான். பின்னால் இன்னொரு ஆடு வந்து நிற்கிறது. அப்புறம் ஒன்று. புலி கொம்புகளை எண்ணிப் பார்க்கிறது, எண்ணிக்கை தப்புகிறது, மறுபடியும் எண்ணுகிறது, பிறகு வேறெங்கோ வேலை இருப்பதுபோல் திரும்பிப் போய்விடுகிறது. நரி கைடு எழுத வாங்கிய பிரதியில் அந்த இருபது பக்கத்தை யாரோ கிழித்துச் சுண்டல் மடித்துவிட்டார்களாம். நரி என்ன செய்வார், தனக்குத் தெரிந்த முடிவை எழுதிவிட்டார். ஆடும் புலியும் என்றால் நரிக்குத் தெரிந்த முடிவு ஒன்றுதான்.

ரோஸ்லின் மிஸ்ஸுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. வெட்கம்தான் அதிகம். வருடத்துக்கு நாற்பது பிள்ளைகள், பதினோரு வருடம். அத்தனை பேரிடமும் லில்லி செத்துவிட்டதாகச் சொல்லி, அதற்கு அடியில் கோடும் போட வைத்திருந்தார்.

மறுநாள் வகுப்பில் விஷயத்தைச் சொன்னார். கடைசி அத்தியாயத்தைக் குரல் ஏற்றி இறக்கி வாசித்தும் காட்டினார். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது வகுப்புத் தலைவி கீரி கை தூக்கியிருந்தது.

"மிஸ், இது எக்ஸாமுக்கு வருமா?"

"கேள்வி வரும்டி."

"கேள்வி தெரியும் மிஸ். இந்த ஆன்சர் வருமா?"

ரோஸ்லின் மிஸ் கைடைப் பார்த்தார், நாவலைப் பார்த்தார். முப்பத்தொன்பது பிள்ளைகளும் பேனாவை மூடி வைத்துவிட்டன. அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை; அந்தப் பிள்ளைகளை அப்படி வளர்த்ததே அவர்தான்.

மிச்சமிருந்த ஒருவன் கடைசி பெஞ்சு சொரிமுத்து, காட்டுப்பன்றி. அவனுக்கு மனப்பாடம் வரவே வராது. அவனைப் போன்ற பிள்ளைகளுக்கென்றே ஒரு பொதுக் கட்டுரை உண்டு. எந்தக் கதைக்கும் எந்தப் பாட்டுக்கும் பொருந்தும். பெயரை மட்டும் மாற்றினால் போதும். அதுவும் அவனுக்கு ஏறவில்லை. போன வாரம்தான் யானை ரோஸ்லின் மிஸ்ஸைக் கூப்பிட்டு, "இவன் நம்ம பர்சன்டேஜைக் கெடுத்துருவான் டீச்சர். பேசாம டிசியைக் குடுத்து, பிரைவேட்டா எழுதச் சொல்லிடலாமா?" என்று கேட்டிருந்தார். "நான் பார்த்துக்கறேன் சார்" என்று இவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

கொடுக்க அவரிடம் வேறொன்றும் இல்லாததால், நாவலைக் கொடுத்தார்.

சொரிமுத்து அதைக் கவ்விக்கொண்டு போனான். பதினைந்து நாள் கழித்து ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான்.

"மிஸ், லில்லியோட அம்மா ஏன் மிஸ் ஒண்ணுமே சொல்லல? பக்கத்துலதான நின்னுச்சு?"

ஐந்து வருடத்தில் அவன் கேட்ட முதல் கேள்வி அது. ரோஸ்லின் மிஸ் திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடி வைத்தார். "நீ என்னடா நினைக்கற?" என்றார்.

"பயம்தான் மிஸ். ஆனா கடைசில மூணாவதா வந்து நிக்கற ஆடு யாருன்னு எழுதல. அது அம்மாதான்னு எனக்குத் தோணுது."

இருபது வருட வேலையில் அன்றைக்கு ஒரு நாள்தான் ரோஸ்லின் மிஸ் சம்பளத்துக்கு மேல் ஏதோ கிடைத்தவர்போல் வீட்டுக்குப் போனார்.

பொதுத்தேர்வு வந்தது. தேர்வு அறைக்குள் நுழையும் முன் சொரிமுத்து தயங்கி நின்றான். "மிஸ், லில்லி கேள்வி வந்தா கைடுல இருக்கறத எழுதவா, புக்குல இருக்கறத எழுதவா?"

"புக்குல இருக்கறத எழுதுடா" என்றார் ரோஸ்லின் மிஸ், கொஞ்சமும் யோசிக்காமல். யோசித்திருக்கலாம்.

கேள்வி வந்தது. ஐந்து மதிப்பெண். சொரிமுத்து தன் சொந்த ஆங்கிலத்தில் எழுதினான். தலைப்பு இல்லை, கோடு இல்லை. "லில்லி நாட் டை சார். லில்லி ஸ்டாண்டிங். மதர் ஆல்சோ ஸ்டாண்டிங். ஆல் கோட் ஸ்டாண்டிங். டைகர் கவுன்ட்டிங், டைகர் கோயிங் ஹோம்." அவன் வாழ்க்கையில் யாரையும் பார்க்காமல் எழுதிய முதல் பதில்.

ரிசல்ட் வந்தபோது முப்பத்தொன்பது பேரும் தொண்ணூறுக்கு மேல். சொரிமுத்து முப்பத்திரண்டு. தேர்ச்சிக்கு மூன்று குறைவு. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தால், லில்லி பதிலின் குறுக்கே பெரிய பூஜ்யமும், பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பும் இருந்தன: 'மாணவன் கதையைப் படிக்கவில்லை.'

யானை பலகையைக் கழற்றித் தொண்ணூற்றேழரை என்று திருத்தி மாட்டினார். "மீதி ரெண்டரையை எங்க டீச்சர் தொலைச்சீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். ரோஸ்லின் மிஸ்ஸுக்குப் பலகைகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. சொரிமுத்து அன்றைக்கு அழவில்லை. "பரவால்ல மிஸ், எங்கப்பா கிழங்கு தோண்டக் கூப்பிட்டுட்டே இருக்காரு, போயிடறேன்" என்று மட்டும் சொன்னான். அதுதான் அவரைக் குத்தியது. பையனைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்க மூன்று மதிப்பெண் வேண்டும். நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு தேர்வு அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

மறுமதிப்பீட்டுக்கு ஒரு படிவம், அந்தப் படிவம் எந்த ஜன்னலில் கிடைக்கும் என்று கேட்க ஒரு வரிசை, அந்த வரிசையில் நிற்க ஒரு டோக்கன். மூன்று நாள் அலைந்து ஒரு வியாழக்கிழமை மறுமதிப்பீட்டுக் குழுவின் முன்னால் போய் நின்றார். தலைமைத் தேர்வாளர் நாற்காலியில் நரி தெய்வநாயகமே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வயதான ஆமை ஒன்று.

"இவர்தான் எழுத்தாளர் திருவேங்கடம். நாவல் எழுதினவரே நம்ம குழுவுல இருக்காரு, நீங்க தைரியமா பேசலாம் மேடம்" என்றார் நரி.

ரோஸ்லின் மிஸ்ஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடைசி அத்தியாயத்தை விரித்து நரியிடம் நீட்டினார். நரி முதலில் மேலோட்டமாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பக்கங்களை வேகமாகப் புரட்டினார். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா விடைக்குறிப்புல இல்லையே" என்றார்.

ரோஸ்லின் மிஸ் ஆமையின் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க சொல்லுங்க. லில்லி சாகல இல்ல?"

ஆமை புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தை ஒரு தரம் தடவிப் பார்த்தார். "எழுதி இருபத்தஞ்சு வருஷமாச்சும்மா. கைடுல என்ன போட்டிருக்கு?"

"செத்துப்போச்சுன்னு போட்டிருக்கு."

"அப்ப செத்துருக்கும்."

"ஐயா! நீங்கதான எழுதினீங்க?"

"நான் எழுதினப்ப யாரும் படிக்கலம்மா. பாடமா வெச்ச பிறகுதான் எனக்கு மாலையெல்லாம் போடறாங்க. என் பேத்தி இந்தக் கேள்விக்கு அஞ்சுக்கு அஞ்சு வாங்கினா. இப்ப லில்லி உயிரோட இருக்குன்னு சொன்னா, அவ மார்க்கு என்னாகறது? பதினோரு வருஷமா பாஸான அத்தனை பேரோட சர்டிஃபிகேட் என்னாகறது? ஒரு ஆட்டுக்காகக் காட்டையே ஃபெயிலாக்கச் சொல்றியா?" ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். கூட்டம் முடியும்வரை வெளியே விடவில்லை.

நரி இரக்கமுள்ளவர். யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். ஒரு தாளை எடுத்து முன்னால் நகர்த்தினார்.

"மேடம், பையன் மேல தப்பில்ல. பிழையான பிரதியைப் படிச்சுட்டான். கடைசி இருபது பக்கம் அச்சுப்பிழைன்னு நாங்க சுற்றறிக்கை அனுப்பிடறோம், ஐயா அடுத்த பதிப்புல எடுத்துடுவாரு. நீங்க அந்தப் பிரதி பிழைதான்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டா, பாதிக்கப்பட்ட மாணவன்னு அஞ்சு மார்க்கையும் அப்படியே குடுத்துடலாம்."

எறும்புதின்னிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆபத்து வந்தால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். ரோஸ்லின் மிஸ் நாற்காலியிலேயே சுருண்டுகொண்டார். நரி அவசரப்படுத்தவில்லை, தேநீர் வரவழைத்துக் குடித்தார். தேநீர் தீரும் நேரத்தில் உருண்டைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"அவன் பாஸாயிடுவானா?"

"முப்பத்தேழு. ஜோரா பாஸு."

உருண்டைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. "பேனா குடுங்க சார்."

அடுத்த வாரம் பள்ளியில் பலகை மறுபடியும் நூறு ஆனது. யானை எல்லாருக்கும் கரும்பு கொடுத்தார். சொரிமுத்து புது மதிப்பெண் பட்டியலோடு ஓடி வந்தான். மூச்சு வாங்கியது.

"மிஸ், அஞ்சு மார்க் போட்டிருக்காங்க! நான் எழுதினது ரைட்டுன்னுட்டாங்களா மிஸ்?"

"இல்லடா. நீ படிச்ச புக்கு தப்பாம்."

அவன் முகம் மாறியது. "அப்ப லில்லி?"

"செத்துப்போச்சுடா."

"எப்ப மிஸ்?"

"போன வியாழக்கிழமை" என்றார் ரோஸ்லின் மிஸ். "நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

நீதி: ஆடாகப் பிறந்தவர்கள் புலியை எதிர்க்கும் முன் விடைக்குறிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. உயிரோடு இருப்பதற்கு மதிப்பெண் கிடையாது.