ஐந்து மூட்டைத் தகரம்

பரண் முழுக்கத் தகர டப்பாக்கள் இருப்பதை எடை ஆய்வாளர் கண்டுபிடித்தது ஒரு விடுமுறை நாள் காலையில், அவற்றில் ஒன்று தானாகவே உருண்டு வந்து அவர் தலையில் விழுந்தபோதுதான். பால் பவுடர் டப்பா. காலி. காலி டப்பா வலிக்காது என்று யாராவது சொன்னால் அவரிடம் அனுப்பி வையுங்கள்.

"இந்த வீட்டுல மனுஷன் குடியிருக்கானா, டப்பா குடியிருக்கா?"

"ரெண்டும்தான்," என்றாள் மனைவி, அடுக்களையிலிருந்து. "டப்பா சத்தம் போடாது."

கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது அவருடைய உத்தியோகம். அவர் தலை தெரிந்தால் வியாபாரிகள் எழுந்து நின்று தராசுத் தட்டை வேட்டியால் துடைப்பார்கள். அப்படிப்பட்டவரின் சொல்லுக்கு வீட்டில் மட்டும் எடையே ஏறுவதில்லை. 

தலையைத் தடவிக்கொண்டே பரணை அண்ணாந்து பார்த்தார். டப்பாக்களுக்குப் பின்னால், ஓர் அட்டைப்பெட்டியில், அவருடைய ரேடியோ இருந்தது. முதல் சம்பளத்தில் வாங்கியது. ஒன்பது வருஷத்துக்கு முன் ஊமையானது. அன்றே பிரித்துப் போட்டார். கூடு ஒரு பக்கம், குடல் ஒரு பக்கம். ஒரே ஒரு வால்வு மாற்றினால் பாடிவிடும். வால்வு கடையில் இருந்தது. பணம் மனைவியிடம் இருந்தது. கேட்டால், "பரண்ல ஏறக்கூட முடியாதாம், ரேடியோவாம்," என்பாள். அவருக்கு மூட்டுவலி.

தகரம் எடைக்கு விலைபோகும். அந்தப் பணத்தில் வால்வு. டப்பா போன இடத்தில் ரேடியோவுக்கு மேஜை. இவ்வளவு பெரிய யோசனை இவ்வளவு சின்ன வீட்டில் பிறந்ததை எண்ணி அவர் ஒரு கணம் அசந்து நின்றார்.

"இதோ பாரு. என் ஆபீஸ் மேஜைல ஒரு பேனா ஸ்டாண்டு வச்சிருக்கேன். நீலத்துல வெள்ளைப் பூ. ஆபீஸ் எதிர்க் கடைல வாங்கினது. அப்படி ஒண்ணு செய்யறவங்களும் பொம்பளைங்கதான். நீ என்னடான்னா துருப்பிடிச்ச டப்பாவா சேர்க்கற."

மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். "என்ன விலை குடுத்தீங்க?"

"சொன்ன விலை. அந்த வேலைப்பாட்டுக்குப் பேரம் பேச மனசு வரலை."

"உங்களுக்கு நல்ல மனசுங்க," என்றாள். அவள் முகம் மலர்ந்தது. மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

சூட்டோடு சூடாகச் சட்டம் இயற்றினார். ஒரு தாளில் எழுதி, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார். ஒரு வருஷமாக உபயோகப்படாத எந்தப் பொருளும் இந்த வீட்டில் இருக்கக்கூடாது. சாக்கில் கட்டி எடைக்குப் போட வேண்டும்.

மனைவி நிறுத்தி நிதானமாக இரண்டு முறை படித்தாள். "விலக்கு எதுவும் இல்லையா?"

"சட்டம்னா சட்டம்."

"அப்புறம் ஐயோன்னு சொல்லக்கூடாது."

"நானா? நீதான் சொல்லப்போற. சாக்கைக் கட்டினப்புறம் ஆசைப்பட்டு ஒவ்வொண்ணா திரும்ப எடுப்ப. அதுக்கும் ஒரு வழி வச்சிருக்கேன்."

அந்த வழி அரக்கு. அலுவலக முத்திரையைச் சொந்த வேலைக்குத் தொடமாட்டார், அவ்வளவு நேர்மை. ஆகவே அவள் ஏணியில் ஏறி ஒவ்வொரு மூட்டையாகக் கட்டி இறக்க, அவர் கீழே சம்மணமிட்டு அரக்கை உருக்கி, முடிச்சின் மேல் ஊற்றி, தன் கல்யாண மோதிரத்தை அழுத்தினார். மூட்டைக்குள் அவர் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. கொக்கித் தராசில் தூக்கி எடை மட்டும் பார்த்தார்.

"தகரம் இவ்வளவு கனக்குதே?"

"எத்தனை வருஷத்துச் சேமிப்பு," என்றாள் மேலிருந்து.

ஐந்து மூட்டைகள். ஐந்து முத்திரைகள்.

தள்ளுவண்டியில் ஏற்றி, தெருக்கோடியில் இருந்த பழைய சாமான் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு மூட்டையைக் குலுக்கிப் பார்த்துவிட்டு முடிச்சில் கை வைத்தார்.

"கையை எடுங்க. முத்திரை வச்சிருக்கு."

"உள்ளே என்ன சார்?"

"தகரம்."

"தகரம் இப்படிக் கனக்காது சார். ஒரு தடவை பிரிச்சுப் பார்த்துடுவோமே."

"எதுக்கு என்ன கனம்னு எனக்கே பாடம் எடுக்கறீங்களா? நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும் சார். அதனாலதான் பயந்து பயந்து கேட்கறேன்."

"தகரம்னா தகரம். தகர விலை போடுங்க."

கடைக்காரர் தோளைக் குலுக்கிக்கொண்டு மூட்டையை மேடைத் தராசில் வைத்தார். ஆய்வாளர் முள்ளைப் பார்த்தார். அவருக்கு மூக்கு சிவந்தது. மூட்டைக்கு அறுநூறு கிராம் குறைந்தது.

அடுத்த அரைமணி நேரம் அந்தத் தெருவே வேடிக்கை பார்த்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தராசின் அடியில் படுத்து, திருகை முடுக்கி, படிக்கல் வைத்துச் சரிபார்த்து, மறுபடி முடுக்கினார். இனி இந்தத் தராசு பொய் சொன்னால் கடை இருக்காது என்றார். பணத்தை எண்ணிக் கொடுத்தார் கடைக்காரர்.

ஆய்வாளர் நேரே வால்வுக் கடைக்குப் போனார். கையில் இருந்தது மொத்தமும் போனது. வால்வைப் பஞ்சில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல மார்போடு அணைத்து வீட்டுக்கு வந்தார். உற்சாகத்தில் மூட்டுவலி மறந்தது. ஏணியில் ஏறினார். ஒன்று, இரண்டு, மூன்றாம் படி.

பரணில் டப்பாக்கள் இருந்தன.

வரிசை வரிசையாக, முன்னைவிடச் சுத்தமாக நின்றன. பின்வரிசையில் நீல நிறத்தில் முப்பது நாற்பது. எல்லாவற்றிலும் வெள்ளைப் பூ.

"என் ரேடியோ எங்கே?" ஏணியில் இருந்தபடியே கேட்டார்.

"மூணாவது மூட்டைல. முதல் ரெண்டுல உங்க கர்லாக்கட்டை, சாவியில்லாத பூட்டு பதினெட்டு, குடைக்கம்பி. மத்ததுல டைப்ரைட்டரும் சைக்கிள் பாகமும்."

"அதெல்லாம் என்னோடதுடி."

"ஒரு வருஷமா தொட்டீங்களா? ஒன்பது வருஷம். சட்டத்துல விலக்கு இல்லைன்னு நீங்கதான் சொன்னீங்க."

"அப்ப இந்த டப்பா?"

"அது மாசாமாசம் உபயோகத்துல இருக்கு. நீங்க ஆபீஸ் போனதும் வர்ணம் அடிப்பேன். நீங்க சொன்ன அந்த எதிர்க் கடைக்காரர் எடுத்துக்குவார். உங்க ஆபீஸ்ல யாரோ ஒருத்தர் பேரமே பேசாம வாங்கினாராம், அன்னிக்கு முழுக்கச் சிரிச்சார்."

ஆய்வாளர் ஏணியிலேயே உட்கார்ந்தார். இது மோசடி என்று சொல்ல வாயெடுத்தார். குளிர்பெட்டிக் கதவில் அவருடைய கையெழுத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. 

"ரேடியோவை மீட்கப் பணம் இருக்கா?" என்று கேட்டாள் மனைவி.

அவர் பஞ்சுப் பொட்டலத்தைப் பார்த்தார்.

அவள் ஒரு நீல டப்பாவைத் திறந்து பணம் எடுத்துக் கொடுத்தாள். பரிதாபமாகத்தான் கொடுத்தாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

ஓடினார். கடைக்காரர் மூன்றாவது மூட்டையைப் பிரித்து ரேடியோவைத் தனியே எடுத்து வைத்திருந்தார்.

"தகரம்னு வித்தீங்க சார். நான் ரேடியோன்னுதான் விற்பேன். கிலோவுக்கு விலை வேற. ஆனா எடை பார்த்துத்தான் தருவேன், பயப்படாதீங்க."

கூட்டையும் குடலையும் தராசில் வைத்தார். ஆய்வாளர் தன்னையறியாமல் முள்ளைப் பார்த்து மனதுக்குள் வேண்டிக்கொண்டார்.

காலையில் அவரே முடுக்கிய தராசு. ஒரு கிராம்கூடக் குறைத்துக் காட்டவில்லை.