மாமியின் மோர்மிளகாயும் என் கணினியின் காய்ச்சலும்

கலியாணமாகி மூன்றாம் மாதம் ஒரு மருமகனுக்குப் புத்தி இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் எனக்கு இருக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கப்படி, மனைவி கௌசியின் சீதன வீட்டில் குடியேறியிருந்தேன், மானிப்பாயில். மாமியும் எங்களோடுதான். மாமி என்னோடு நேரே கதைக்கமாட்டா, நானும் அவவோடு கதைக்கமாட்டேன். (கோபமில்லை, மரியாதை!) நடுவில் கௌசிதான் தபால்காரி. அடிக்கடி வந்த தபால் இது: "உன்ரை மனுசனுக்கு என்ன வேலையெண்டு சனம் கேக்குது. நான் என்னத்தைச் சொல்ல?"

கட்டட வரைபடங்களைக் கணினியில் அசையும் படமாக்குவது என் தொழில். தொழில் இருந்தது, வேலைதான் இல்லை. அந்த நேரம் பார்த்து வெளிநாட்டுக் கம்பனி ஒன்று மாதிரிப் படம் ஒன்று கேட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குள் அனுப்பினால் நிரந்தர வேலை. பிந்தினால் ஒன்றுமில்லை.

என் கணினியோ வேகமாக ஓடவிட்டால் கொதித்துவிடும். விசிறி போதாது. ஆகவே மருதனார்மடத்தில் பிரிட்ஜ் திருத்தும் ரவியண்ணையைப் பிடித்து, பழைய பிரிட்ஜ் கொம்பிரசர் ஒன்றை அதோடு பூட்டுவித்தேன். குழாய்க்குள் ஓடும் காஸ், கணினியின் மூளைக்கு மேலே ஆவியாகிச் சூட்டை உறிஞ்சும். பின்னாலுள்ள கம்பிக்கூட்டில் மறுபடி திரவமாகி, அந்தச் சூட்டை வெளியே தள்ளும். என் அறை அடுப்படியாகிவிடும் என்பதால், கம்பிக்கூட்டை மாமியின் சாமான் அறைப் பக்கம் திறக்கும் யன்னலோடு ஒட்டி வைத்தேன். அந்த அறைக்குள் நான் போவதே இல்லை. என் மூளையை மெச்சி நானே என் தோளில் தட்டிக்கொண்டேன்.

முதல் நாள் கணினியின் மூளை பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை. அடடா! புதன்கிழமை மழை பிடித்தது. வியாழன் காலை கௌசி சொன்னாள்: "அம்மா உங்களை அப்பிடி மெச்சுறா. பக்கத்து வீட்டுக்கும் சொல்லிப்போட்டா, மருமகன் கெட்டிக்காரன் எண்டு."

மாமிக்கு விஞ்ஞானம் விளங்கிவிட்டது என்று பூரித்துப்போனேன்.

அன்று மத்தியானமே சூடு ஏறத் தொடங்கியது. பத்து, நாற்பது, எழுபது. தொண்ணூறில் கணினி தானாகவே நின்றது. கழற்றினேன், மூளைமேல் சூடு கடத்தும் பசையைத் துடைத்துப் புதுப்பசை பூசினேன், இறுக்கினேன், மின்சாரத்தைத் திட்டினேன். மறுபடியும் நின்றது. அப்போதுதான் ஒரு புளித்த மணம் மூக்கில் ஏறியது. காஸ் ஒழுகுகிறது!

வெள்ளி இரண்டு மணிக்கு ரவியண்ணை வந்து, குழாயெல்லாம் சவர்க்கார நுரை தடவிப் பார்த்தார்.

"ஒரு குமிழியும் வரேல்லை, தம்பி. காஸ் ஒழுகேல்லை."

"அப்ப உந்த மணம்?"

"உது காஸ் மணமில்லை. மோர் மணம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணை, உங்களுக்கு பிரிட்ஜும் அதுக்குள்ளை இருக்கிற மோரும்தான் தெரியும். இது வேறை லெவல்!"

(இதைச் சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.)

அவர் மூன்று தரம் தும்மினார். பிறகு கம்பிக்கூட்டின் பின்னால் கையை விட்டுப் பார்த்தார். "சூடு வெளியிலை போகேல்லை. அங்காலை என்னவோ அடைச்சுக்கொண்டு நிக்குது." எழுந்து சாமான் அறைக்குப் போனார். நானும் முதன்முறையாக அந்த வாசலைத் தாண்டினேன்.

யன்னலோடு ஒட்டி ஒரு மேசை. மேசையில் இரண்டு சுளகு நிறைய மோர்மிளகாய். சூடு வீணாகாமல், யன்னலையும் சுளகுகளையும் சேர்த்துக் கூடாரம்போல் மூடி ஒரு வேட்டி. என் கலியாண வேட்டி!

கௌசிதான் விளக்கினாள்: "மோரிலை ஊறப்போட்ட அண்டைக்கே மழையெல்லோ. கனடாவிலை இருக்கிற அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆள் கொண்டுபோகுது. நீங்கள்தான் சொல்லாமக் கொள்ளாம, பாத்துச் சூட்டை இந்தப் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறியள் எண்டு அம்மாவுக்குச் சரியான சந்தோசம்."

மாமி கதவோரம் நின்றா. கண் கலங்கியிருந்தது.

மணி மூன்று. படம் முடிய இன்னும் ஒன்றரை மணித்தியாலம் போதும். வேட்டியை இழுத்தால் வேலை என் கையில். வாயைத் திறந்தேன்.

"இருக்கட்டும் மாமி. நல்லாக் காயட்டும்."

அவவோடு நான் நேரே பேசிய முதல் வார்த்தைகள் அவைதாம். ரவியண்ணை தலையில் அடித்துக்கொண்டார். "உனக்கென்ன விசரோடா?"

வேகத்தைக் குறைத்து ஓடவிட்டதில், படம் சனிக்கிழமை காலைதான் முடிந்தது. கம்பனி மரியாதையாகக் கைவிரித்தது. கிணற்றடியில் நின்று அழுதேன், சொல்ல வெட்கமாயிருக்கிறது. ரவியண்ணையிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "மிளகாய் காஞ்சுதோ?" என்று மட்டும் கேட்டார்.

காய்ந்திருந்தது, நொறுங்க நொறுங்க.

இப்போது வேறொரு கம்பனிக்கு வேலை செய்கிறேன். அவர்களுக்கும் அவசரம்தான். ஆனால் மழை இருட்டினால் போதும், மாமி சுளகோடு நேரே என் அறை வாசலுக்கு வந்துவிடுவா. "தம்பி, இண்டைக்கு உங்களுக்கு முக்கியமான வேலை ஏதும் இருக்கோ?"

நான் மென்று விழுங்குவதற்குள் குசினியிலிருந்து கௌசி கத்துவாள்: "இருந்தாலும் சொல்லமாட்டார் அம்மா, நீங்கள் வையுங்கோ!"