மாமா கடைக் கொத்துக்கறியில் பூனை

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை பணிவோடு எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் மகள் கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டதால், அவள் நலத்தை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். போனை எடுக்க மாட்டேன் என்கிறாள்.

உங்கள் ஆட்டுக்கறிக் கடைக்குப் பூட்டுப் போட வைத்தவன் நான்தான் என்று சொல்லியிருப்பாள். உண்மைதான், ஆனால் வேண்டுமென்று செய்யவில்லை மாமா, எங்கள் உணவுப் பரிசோதனைக் கூடத்துக்குப் புதிதாக ரியல்-டைம் பிசிஆர் மிஷின் வந்திருக்கிறது, கறியில் எந்த விலங்கின் டிஎன்ஏ துளியூண்டு இருந்தாலும் சுற்றுக்குச் சுற்று அதை இரட்டிப்பாக்கி, பெருகப் பெருகத் திரையில் கோடாக ஏற்றிக் காட்டிவிடும், நிறைய இருந்தால் கோடு சீக்கிரமே எழும், துளி என்றால் கடைசிச் சுற்றுகளில்தான் எழும், அதில் நான் போட்ட முதல் மாதிரி, பூனைக்கறி கலக்கிறார்கள் என்று யாரோ புகார் கொடுத்த கொத்துக்கறி, கடைப் பெயர் கிடையாது, வெறும் நம்பர், முப்பத்தாறாவது சுற்றில் பூனைக் கோடு மெல்லத் தலை தூக்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை, "சார், பூனை! பூனை!" என்று கத்திக்கொண்டே டைரக்டர் அறைக்கு ஓடினேன், மாலைக்குள் பூட்டு விழுந்தது, அது யார் கடை என்பது உங்கள் மகள் போட்ட சத்தத்தில்தான் தெரிந்தது.

மறுநாள், ரிசல்ட்டுகளை அலசிப் பார்க்கும் டேட்டா அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, வெறும் தண்ணி வச்ச குழியைப் பாத்தியா?"

மாதிரிகள் போடும் குழிகளுக்கு நடுவே, சரிபார்க்க ஒன்றில் கறியில்லாமல் வெறும் தண்ணீர் வைப்போம்; அதில் எந்தக் கோடும் எழக் கூடாது. எழுந்திருந்தது. பூனைதான்.

"தண்ணியிலயும் பூனைன்னா அது கறியில இருந்த பூனை இல்ல. உன் மேலேர்ந்து வந்த பூனை" என்று என் தோளிலிருந்து ஒரு முடியை எடுத்துக் காட்டினார்.

நீங்கள் மகளுக்கு ஆசையாகக் கொடுத்தீர்களே, அந்தப் பூனை என் லேப் அங்கியின் மேல்தான் தூங்கும். அதனால் தவறு உங்களுடையதும்தான் என்று நான் சொல்ல வரவில்லை. வெட்கமாக இருக்கிறது மாமா.

"தாண்டினா 'இருக்கு'ன்னு காட்டுற எல்லைக் கோட்டை மவுஸால கொஞ்சம் மேல இழுத்துடவா? பூனை கீழ போயிடும், 'இல்லை'ன்னு வந்துடும்" என்று அக்கா சீண்டிப் பார்த்தார். நான் மசியவில்லை. என் மாமாவின் கடை குறுக்கு வழியில் திறக்கக் கூடாது. ஆடு, மாடு, கோழி, பூனை, நாய் என்று ஐந்தையும் ஐந்து நிறத்தில் ஒரே குழியில் பார்க்கிற வசதி இந்த மிஷினில் இருக்கிறது, அப்படியே ஓட்டுங்கள், மாமா கறியின் சுத்தம் ஊருக்கே தெரியட்டும் என்று டைரக்டர் மேஜையைத் தட்டிச் சொன்னேன். சொந்தக்காரன் என்று என்னைத் தொட விடவில்லை. அக்காவே ஓட்டுகிறார். நாளை நானே வந்து பூட்டைத் திறப்பேன்.

அத்தைக்கு என் வணக்கங்கள். உங்கள் மகளை வீடே தேடுகிறது என்று சொல்லுங்கள். நானும்தான்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் மாப்பிள்ளை

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது ரிசல்ட் வந்துவிட்டது. பூனை அறவே இல்லை. தண்ணீரும் தண்ணீராகவே இருக்கிறது. ஆனால் கோழி பதினெட்டாவது சுற்றிலேயே விருட்டென்று எழுந்து உச்சியில் நிற்கிறது. எல்லைக் கோட்டைக் கொஞ்சம் மேலே ஏற்ற முடியுமா என்று நானே வாய்விட்டுக் கேட்டேன். "இந்தக் கோழிக்கு மேல கோடு போடத் திரையில எடமில்ல தம்பி" என்கிறார் அக்கா. ஆட்டுக்கோடோ முப்பத்தைந்தில்தான் முனகுகிறது. மாமா, நமக்குள் இருக்கட்டும், உங்கள் கடைக்குள் ஆடு கடைசியாக எப்போது வந்தது?